எழுத்துக்காகக் கொன்றவர்கள் அந்த எழுத்தைப் படித்திருந்தார்களா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மதத்தின் பெயரால் ஒரு கொலை நடந்ததும் இங்கே இரண்டு குரல்கள் எழும். "இதுதான் மதம்" என்பது ஒன்று. "இது மதமே இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் அவசரக் குரல்கள். கொன்றவன் போலீசாரிடமும் நீதிமன்றத்திலும் என்ன சொன்னான் என்று நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. படித்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. ஒரு புத்தகத்துக்காகக் கத்தி எடுத்தவன் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை.

லாகூரில் 1929 ஏப்ரல் 6 அன்று ராஜ்பால் என்ற பதிப்பாளர் அவருடைய கடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். நபிகளை இழிவுபடுத்தும் நூல் ஒன்றை வெளியிட்டார் என்பது அவர்மீதான கோபம். கொன்றவன் ஒரு தச்சர் வீட்டு இளைஞன், எழுத்தறிவு இல்லாதவன். அந்த நூலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தில் மற்றவர்கள் பேசக் கேட்டதுதான்.

கெய்ரோவில் 1994 அக்டோபரில் நஜீப் மஹ்ஃபூஸ் கழுத்தில் குத்தப்பட்டார். நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர், அப்போது வயது 82. உயிர் பிழைத்தார், ஆனால் எழுதும் வலக்கை பழையபடி இயங்கவில்லை. தாக்குதலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நாவல் 1959இல் ஒரு நாளிதழில் தொடராக வந்தது. குத்தியவன் அந்த நாவலையும் படிக்கவில்லை, அவர் எழுதிய வேறு எதையும் படிக்கவில்லை.

டாக்காவில் 2015 மார்ச் 30 அன்று வஷிகுர் ரஹ்மான் என்ற இளைஞர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். வலைப்பதிவில் மதத்தை விமர்சித்து எழுதியவர். ஓடிய கொலையாளிகளில் இருவரை அங்கிருந்தவர்கள் பிடித்தார்கள். முன்னால் பாய்ந்தவர்கள் திருநங்கைகள். பிடிபட்ட இருவரும் மதரசா மாணவர்கள். அவர் என்ன எழுதினார் என்று தாங்கள் படித்ததில்லை, செய்யச் சொன்னார்கள் செய்தோம் என்றுதான் போலீசாரிடம் சொன்னார்கள்.

சல்மான் ருஷ்டியை 2022 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவில் மேடையிலேயே குத்தியவனுக்கு வயது 24. ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' நாவலுக்காக அவரைக் கொல்ல வேண்டும் என்று ஈரானின் மதத் தலைவர் கொமெய்னியின் ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வந்தது 1989இல். அப்போது அவன் பிறந்திருக்கவில்லை. அந்த நாவலில் இரண்டு பக்கம் போலப் படித்திருக்கிறேன் என்று சிறையிலிருந்து ஒரு நாளிதழுக்குச் சொன்னான்.

இவர்கள் எவரும் படித்துப் புண்பட்டவர்கள் அல்லர். அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள். முன்பின் தெரியாத ஒரு மனிதனின் கழுத்தில் கத்தியை இறக்குவது எவருக்கும் எளிதில்லை. கை நடுங்கும், அச்சம் வரும், "இவன் எனக்கு என்ன செய்தான்" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை ஒருவர் முன்கூட்டியே எடுத்துப்போட்டுவிட வேண்டியிருக்கிறது. "இது பாவமில்லை, கடமை" என்று சொல்ல மதிப்புக்குரிய ஒரு வாய் வேண்டும். மதத்தின் மீது என் குற்றச்சாட்டு இதுதான்: அப்படிச் சொல்லும் அதிகாரத்தை அது சிலருக்குத் தருகிறது, சொன்னவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறும் வழியை வைத்திருப்பதில்லை.

மறுப்பவர்கள் வாருங்கள். நம்பிக்கையுள்ளவர்கள்தான் முக்கியமாக வர வேண்டும்.


மீரான்

அண்ணன் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். ஐந்து வேளை தொழுபவன் நான். நீங்கள் அடுக்கிய நான்கு சம்பவங்களிலும் கொன்றவர்கள், கொல்ல வந்தவர்கள் முஸ்லிம்கள். அவை நடந்தவை, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மதுரையில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். புனே, கோலாப்பூர், தார்வாட், பெங்களூரு எல்லாம் லாகூரையும் கெய்ரோவையும்விடப் பக்கம்தானே? அந்தப் பெயர்கள் ஏன் முதல் பதிவில் இல்லை?

இன்னொன்று. வஷிகுர் ரஹ்மானைக் கொன்றவர்களும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டவரும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. மஹ்ஃபூஸ் தன்னை முஸ்லிம் என்றே சொல்லிக்கொண்டவர். கத்தி முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் விழுகிறது. அந்த வலி எங்களுக்கு இல்லை என்பதுபோல் எழுதாதீர்கள்.


வைகைக்கரை

மீரான், கேட்டது நியாயமான கேள்வி. எழுதியதைப் படிக்காதவர்கள் என்ற ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டு போனதால் அந்த நான்கும் முதலில் வந்தன. இப்போது மற்றவற்றை எழுதுகிறேன்.

நரேந்திர தபோல்கர் மருத்துவர். 1989இல் மகாராஷ்டிராவில் மூடநம்பிக்கை ஒழிப்புக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கடவுளை ஒழிப்பது தன் இயக்கத்தின் வேலை இல்லை, கடவுளின் பெயரால் நடக்கும் ஏமாற்றைத் தடுப்பதே வேலை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் கேட்ட சட்டம் அவர் இறந்த சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்தது. 2024 மே 10 அன்று தீர்ப்பு வந்தது. சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை. சதியின் மூளை என்று குற்றம் சாட்டப்பட்டவர் உட்பட மற்ற மூவர் விடுதலை. என் வாதத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சுட்ட கைகளைக் கண்டுபிடித்துவிடுகிறோம். "சுடு" என்று சொன்ன வாய் யாருடையது என்பது பத்தாண்டு விசாரணைக்குப் பிறகும் நிரூபிக்கப்படாமல் நிற்கிறது.

இன்னும் மூவர் இப்படிச் சுடப்பட்டு இறந்தார்கள். இடதுசாரித் தலைவர் கோவிந்த் பன்சாரே, 2015 பிப்ரவரி, கோலாப்பூர். கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி, 2015 ஆகஸ்ட் 30, தார்வாட், வீட்டு வாசலில். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ், 2017 செப்டம்பர் 5, பெங்களூரு, அவரும் வீட்டு வாசலில். இவர்களில் கல்புர்கியை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. கன்னடச் சமயச் சீர்திருத்தவாதி பசவண்ணரின் வசனங்களைச் சேகரித்து ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். தன் மரபை அவரளவுக்கு ஆழமாகப் படித்தவர்கள் மிகச் சிலர். படித்ததுதான் அவருக்கு ஆபத்தாக முடிந்தது.

கௌரி லங்கேஷ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், மதத்தைக் காக்க ஒருவரைக் கொல்ல வேண்டும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், அவர் யார் என்று தனக்கு அப்போது தெரியாது என்றும் விசாரணைக் குழுவிடம் கூறியதாக 2018இல் செய்தி வந்தது. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத கூற்று என்பதால் அதை ஆதாரமாக வைக்கவில்லை. ஆனால் டாக்காவில் பிடிபட்டவர்கள் சொன்னதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


தணிகைவேலன்

நான் முருக பக்தன். ஆண்டுதோறும் காவடி எடுக்கும் குடும்பம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வெட்டியதில்லை. நீங்கள் சொல்வதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது ஐயா. இந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருப்பது அரசியல். ஆட்சி, வாக்கு, நிலம், பணம். மதம் மேலே போட்ட துணி மட்டுமே. துணியைக் குறை சொல்லி என்ன பயன்?

பாகிஸ்தானில் மர்தான் பல்கலைக்கழகத்தில் 2017 ஏப்ரலில் மஷால் கான் என்ற மாணவனை உடன் படித்தவர்களே அடித்துக் கொன்றார்கள். மத நிந்தனை செய்தான் என்று பரப்பினார்கள். கூட்டு விசாரணைக் குழு என்ன சொன்னது? நிந்தனைக்கு ஆதாரமே இல்லை. பல்கலைக்கழக நிர்வாகத்தின் முறைகேடுகளைக் கேள்வி கேட்டதால் திட்டமிட்டு அவனுக்கு எதிராகக் கூட்டத்தைத் தூண்டிவிட்டார்கள். இதில் மதம் எங்கே வந்தது?


வைகைக்கரை

தணிகைவேலன் எழுதியது: "மதம் மேலே போட்ட துணி மட்டுமே."

மஷால் கான் வழக்கையே எடுத்துக்கொள்வோம். நிர்வாகத்தில் இருந்த சிலருக்கு அவன்மீது பகை. சரி. அவர்கள் நேராக மாணவர்களிடம் போய், "எங்கள் முறைகேட்டைக் கேள்வி கேட்கிறான், அடித்துக் கொல்லுங்கள்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். "நிந்தனை செய்தான்" என்றதும் நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. காரணம் அரசியலாக இருக்கட்டும், பணமாக இருக்கட்டும். கூட்டத்தைச் சேர்த்தது எது? அந்தச் சொல்லுக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? அதைத்தான் நான் கேட்கிறேன்.

சல்மான் தாசீர் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண ஆளுநராக இருந்தவர். மத நிந்தனைச் சட்டத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆசியா பீபி என்ற கிறிஸ்தவத் தொழிலாளிப் பெண்ணுக்காகப் பேசினார். 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலனே அவரைச் சுட்டுக் கொன்றான். சில நாட்களுக்கு முன்பு ஒரு மதப் பேச்சைக் கேட்டிருந்தான். நீதிமன்றத்துக்கு அவனைக் கொண்டு வந்தபோது வழக்குரைஞர்கள் ரோஜா இதழ்களைத் தூவினார்கள். வழக்குரைஞர்கள்! சட்டம் படித்தவர்கள்! கொல்லப்பட்டவருக்கு ஜனாஸா எனும் இறுதித் தொழுகை நடத்த மதகுருமார்கள் மறுத்தார்கள். கொலையாளி 2016இல் தூக்கிலிடப்பட்டான். இன்று இஸ்லாமாபாத் அருகே அவனுக்கு ஒரு தர்கா இருக்கிறது. ஆசியா பீபியை 2018இல் உச்ச நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

பணத்துக்காகக் கொன்றவனுக்கு ஊரார் தர்கா கட்டுவதில்லை. அரசியல் கொலையாளிக்கும் கட்சிக்காரர்கள் மாலை போடுவதுண்டு, தெரியும். ஆனால் அவன் கல்லறையில் பிள்ளை வரம் கேட்டு யாரும் நிற்பதில்லை.


நாச்சியார் வழக்குரைஞர்

சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு தொடர்பு இருக்கிறது.

ராஜ்பால்மீது அன்றைய அரசு வழக்குத் தொடர்ந்தது. லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் அவரை விடுவித்தது. இரு வகுப்பாரிடையே பகை வளர்ப்பதைத் தண்டிக்கும் பிரிவு இருந்ததே தவிர, ஒரு மதத்தின் நிறுவனரைத் தாக்கி எழுதுவதைத் தண்டிக்கும் பிரிவு அப்போது இல்லை. விடுதலையை எதிர்த்துப் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதன் விளைவாக அதே ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைத் தண்டிக்கும் 295ஏ நுழைந்தது. சட்டம் வந்தால் கோபம் தணியும் என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். சட்டம் வந்த பிறகுதான் ராஜ்பால் கொல்லப்பட்டார்.

பிரிவினைக்குப் பிறகு அந்தப் பிரிவு இந்தியா, பாகிஸ்தான், பின்னர் வங்கதேசம் என்று மூன்று நாடுகளுக்கும் போனது. பாகிஸ்தான் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, 1986இல் 295சி என்று மரண தண்டனை வரை கொண்டு போனது. ஆசியா பீபிக்குத் தண்டனை விதித்தது அந்தப் பிரிவுதான். இந்தியாவில் 295ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆக இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை.

நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. 1953 மே மாதம் புத்தர் நாளில் திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். ஒருவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மனுவைத் தள்ளின. கோயிலில் பிரதிஷ்டை செய்யாத மண் உருவம் புனிதப் பொருளாகாது என்பது அவற்றின் பார்வை. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையைக் கண்டித்தது. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்றது. ஆனாலும் காலம் கடந்துவிட்டதால் மறுவிசாரணைக்கு உத்தரவிடவில்லை. பெரியார் சிறை செல்லவில்லை.


உக்கடம் குளக்கரை

நாச்சியார் பெரியாரைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் கோயம்புத்தூர். 1997 நவம்பரில் ஒரு காவலர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்ததும் எங்களுக்கு வரலாற்றுப் பாடம் அல்ல. எங்கள் தெருவில் கடை அடைப்புச் சத்தம் கேட்டால் இன்றும் பெரியவர்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறார்கள்.

2017 மார்ச் 16 இரவு ஃபாரூக்கை வெளியே வரவழைத்து வெட்டிக் கொன்றார்கள். திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், பழைய இரும்பு வியாபாரி, வயது 31. கடவுள் இல்லை என்று சமூக வலைத்தளத்தில் எழுதினார். அவ்வளவுதான் குற்றம். அவருடைய தந்தை நம்பிக்கையுள்ளவர். மகன் எந்தக் கொள்கைக்காகக் கொல்லப்பட்டானோ அந்த இயக்கத்திலேயே சேரப்போகிறேன் என்று அவர் சொன்னதைச் செய்தியில் படித்து அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கேள்வி இது. பெரியார் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்க் கடவுள் இல்லை என்று பேசினார். செருப்பு வீசினார்கள், கல் வீசினார்கள், கூட்டத்துக்குள் பாம்பு விட்டார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் 94 வயதில் நோயில்தான் இறந்தார். ஃபாரூக் 31 வயதில் வெட்டப்பட்டார். இடையில் என்ன மாறியது?


தணிகைவேலன்

அதற்கு நான் பதில் சொல்வேன். பெரியார் காலத்து ஆன்மிகவாதிகள் வேறு. குன்றக்குடி அடிகளார் பெரியாரை எதிர்த்துப் பேசினார். பேசிவிட்டு அவரோடு நட்பாகவும் இருந்தார். காவி உடுத்தவர் கருப்புச் சட்டைக்காரரோடு ஒரே மேடையில் இருந்ததை இந்த நாடு பார்த்தது. மதத்தை நம்புகிறவர்கள் இயல்பில் பொறுமைசாலிகள் என்பதற்கு அதுவே சான்று. சைவம் யாருக்கும் கத்தி கொடுக்கவில்லை.


வைகைக்கரை

ஐயா, குன்றக்குடி அடிகளாரைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு வேறு, நான் எடுக்கும் முடிவு வேறு. மடாதிபதி ஒருவர் எதிரியோடு உட்கார்ந்து பேசினால், அவர் பின்னால் நிற்கும் ஆயிரம் பேருக்கும் ஒரு செய்தி போகிறது: இவனை எதிர்க்கலாம், தொடக்கூடாது. அனுமதி மறுக்கப்படுகிறது. உக்கடம் தோழரின் கேள்விக்கு என் பதிலும் இதுதான். கல் எறிய ஆள் இருந்தது, கொல்வது புண்ணியம் என்று சொல்லத் துணிந்த பெரிய மனிதர் இல்லை. அதோடு பெரியாருக்குப் பின்னால் ஓர் இயக்கமும் அரசியல் பலமும் இருந்தன. ஃபாரூக்கோ தன் சொந்தச் சமூகத்துக்குள் தனியாக நின்றவர். டாக்காவில் கொல்லப்பட்ட இளைஞரும் அப்படித்தான். தனியாக நிற்பவனைத்தான் தேடி வருகிறார்கள்.

ஆனால் "சைவம் யாருக்கும் கத்தி கொடுக்கவில்லை" என்பதை அப்படியே விட முடியாது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை வரலாறா புராணமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நடக்காத ஒரு கொலையைப் பெருமையாகப் பாடி, கோயில் சுவரில் தீட்டி, திருவிழாவில் நடித்தும் காட்டியிருக்கிறோமே, அது ஏன்? சமணம் பேசுகிறவனுக்கு இதுதான் முடிவு என்று பார்ப்பவனுக்குச் சொல்லிக்கொடுப்பது அனுமதி இல்லையா?


நாமக்கல்காரன்

படிக்காமல் எதிர்ப்பது பற்றி ஒரு சின்னத் தகவல். எங்கள் பக்கம் திருச்செங்கோட்டில் 2014 டிசம்பரில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. நாவல் வந்து நான்கு ஆண்டு அமைதியாகத்தான் இருந்தது. பிறகு சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊர் முழுக்க விநியோகித்தார்கள். கடையடைப்பு, புத்தக எரிப்பு, பேச்சுவார்த்தை என்ற பெயரில் எழுத்தாளரிடம் கையெழுத்து. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. யாரும் கொல்லப்படவில்லை என்பதால் இதை மறந்துவிடுகிறோம். ஆனால் முறை அதே முறைதான். முழுப் புத்தகத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். கோபம் வர வேண்டிய பக்கத்தை மட்டும் கொடுப்பார்கள்.


காத்தான்குடி வாசகர்

ஸலாம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இழையை முதலிலிருந்து வாசித்தேன். வைகைக்கரை அவர்களுடைய வாதத்தில் ஒரு பகுதி சரி. அதற்கு எங்கள் ஊரே சாட்சி. மறு பகுதி பிழை. அதற்கும் எங்கள் ஊரே சாட்சி.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தலைமை தாங்கிய சஹ்ரான் எங்கள் ஊரவன். அவன் முதலில் எதிர்த்தது கிறிஸ்தவர்களை அல்ல. எங்கள் ஊர் சூஃபி முஸ்லிம்களை. அவர்களைக் காஃபிர்கள், அதாவது இறைமறுப்பாளர்கள் என்று மேடை போட்டுப் பேசினான். 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் சூஃபிகளோடு மோதினார்கள். எங்கள் மக்களே அவனைப் பற்றிப் பொலிசில் முறையிட்டார்கள். யாரும் சரியாகக் காது கொடுக்கவில்லை. ஆகவே அனுமதி கொடுக்கும் வாய் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அந்த வாயை ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் நாங்கள்.

இனி மறுபக்கம். 1990 ஓகஸ்ட் 3 இரவு எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்களும் அதில். விடுதலைப் புலிகள் மறுத்தார்கள். ஆனால் சுட்டது அவர்கள்தான் என்பதில் எங்கள் ஊரில் எவருக்கும் சந்தேகமில்லை. அந்த இயக்கம் மதத்தை முன்வைத்த இயக்கம் அல்ல. எந்த மதகுருவும் அவர்களுக்கு ஃபத்வா கொடுக்கவில்லை. சொர்க்கம் தருவதாக யாரும் சொல்லவில்லை. ஸுஜூதில், நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுதுகொண்டிருந்தவனின் முதுகில் சுட அவர்களுக்கு அனுமதி எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொல்லாமல் மதத்தின் மீது மட்டும் குற்றம் சாட்ட முடியாது.


கல்லடிக்காரி

நானும் மட்டக்களப்பு. ஈஸ்டர் அன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலர். காத்தான்குடி அண்ணன் எழுதியதை வாசித்து நான் என் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 1990இல் அங்கே நடந்ததைப் பற்றி எங்கள் தமிழ் வீடுகளில் பேசுவதே இல்லை. "அது அவர்களுடைய கதை" என்று ஒதுக்குவார்கள். நாங்கள் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற ஆட்கள்தான். எங்கள் மதம் எங்களைப் பேச வைக்கவில்லையே. இனம் வாயைக் கட்டிவிட்டது. ஈஸ்டருக்குப் பின் மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் உடைத்தபோதும் "அவர்களுக்கு வேண்டும்" என்று சொன்னவர்களை நான் என் காதால் கேட்டேன். பைபிளை மூடி வைத்த கையோடு சொன்னார்கள்.


மட்டுறுத்துநர்

இலங்கைப் போர் பற்றிய தனி விவாதத்துக்கு இதை இழுக்க வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காத்தான்குடி வாசகரின் கேள்வி இழைக்கு உரியது, அது இருக்கட்டும்.


வைகைக்கரை

காத்தான்குடி அண்ணனுக்கு. இந்தக் கேள்விக்குத் தப்பித்துப் போகும் பதில் ஒன்று உண்டு: "நாடும் இனமும்கூட ஒருவகை மதம்தான்." பல நாத்திகர்கள் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் சொல்ல மாட்டேன். எதிரில் வருகிற எல்லாக் கொடுமைக்கும் மதம் என்று பெயர் வைத்துவிட்டால் நான் எதையும் விளக்கவில்லை என்று பொருள்.

மதம் இல்லாமலும் அனுமதி பிறக்கிறது. நாத்திகத்தின் பெயராலேயே பிறந்திருக்கிறது. அல்பேனியாவில் 1967இல் எல்லாப் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் அரசு மூடியது. 1976 அரசியல் சட்டத்தில் நாத்திகத்தை அரசின் கொள்கையாக எழுதினார்கள். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கத்தோலிக்கக் குருவானவரைச் சுட்டுக் கொன்றார்கள். என்னைப் போன்ற நம்பிக்கையற்ற ஒருவன்தான் அந்த உத்தரவில் கையெழுத்திட்டிருப்பான். அவனும் ஏதோ ஒரு மகத்தான எதிர்காலத்தின் பெயரால் தன் மனசாட்சியைத் தூங்க வைத்திருப்பான். அவனுக்காக நான் வாதாட மாட்டேன்.

அப்படியென்றால் மதத்தின் மீது தனியாக எனக்கு என்ன குற்றச்சாட்டு மிஞ்சுகிறது? ஒன்று மிஞ்சுகிறது. அல்பேனியத் தடையை 1990இல் நீக்கினார்கள். கட்சி தவறு செய்தது என்று சொல்லக் கட்சிக்கு வெளியே உலகம் இருந்தது. கடவுள் சொன்னதாகச் சொல்லப்படுவதை யார் நீக்குவது? கொமெய்னி ஃபத்வா கொடுத்த சில மாதங்களில் இறந்துவிட்டார். கொடுத்தவர் இறந்துவிட்டார், அதனால் வேறு யாரும் அதைத் திரும்பப் பெற முடியாது என்று ஈரானில் சொன்னார்கள். ருஷ்டியின் நாவலை மொழிபெயர்த்த ஜப்பானியப் பேராசிரியர் இகராஷி 1991இல் கொல்லப்பட்டார். ஃபத்வா வந்து முப்பத்து மூன்று ஆண்டு கழித்து ஒரு 24 வயது இளைஞன் கத்தியோடு மேடை ஏறினான். துப்பாக்கிக்கு உத்தரவிட்ட தளபதி இறந்தால் உத்தரவும் பெரும்பாலும் அவனோடு போய்விடும். இது போகவில்லை.


மீரான்

வைகைக்கரை எழுதியது: "கடவுள் சொன்னதாகச் சொல்லப்படுவதை யார் நீக்குவது?"

அண்ணா, நீக்கியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மொராக்கோவின் உயர் உலமா சபை 2012இல் மதம் மாறியவருக்கு மரண தண்டனை என்று கருத்துச் சொன்னது. அதே சபை 2017இல் அதை மாற்றியது. ஆரம்ப காலத்தில் தண்டிக்கப்பட்டது போர்க்காலத் துரோகம், வெறும் நம்பிக்கை மாற்றம் அல்ல என்று விளக்கியது. சூடான் 2020இல் மதம் மாறுவதற்கான மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே எடுத்தது. மார்க்க அறிஞர்கள் மார்க்கத்துக்குள் நின்றே பேசி வந்த மாற்றத்துக்கு மொராக்கோ சான்று. மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்று குர்ஆனே சொல்கிறது. அந்த வசனத்தை வைத்துத்தான் அவர்களில் பலர் வாதாடினார்கள். நாத்திகர் எழுதிய எந்தக் கட்டுரையாலும் எங்கள் ஊர் ஆலிமின், அதாவது மார்க்க அறிஞரின் மனம் மாறாது. இன்னொரு ஆலிம் சொன்னால் யோசிப்பார்.

இன்னொரு மனிதரையும் சொல்கிறேன். 2021 டிசம்பர் 3, பாகிஸ்தானின் சியால்கோட். பிரியந்த குமார என்ற இலங்கையர், தொழிற்சாலை மேலாளர். வெளிநாட்டுக் குழு வருவதால் சுவரைச் சுத்தம் செய்யும்போது மத வாசகம் இருந்த சுவரொட்டியைக் கிழித்தார் என்று சொல்லி நூற்றுக்கணக்கானோர் அடித்துக் கொன்று எரித்தார்கள். அவருக்கு உருது தெரியாது என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவரைத் தன் உடலால் மறைத்துக்கொண்டு கெஞ்சியவர் உடன் வேலை பார்த்த பாகிஸ்தானிய முஸ்லிம். பாகிஸ்தான் அரசு அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தது. நூறு பேருக்கு எதிராக நிற்க அவருக்கு அனுமதி கொடுத்தது எது? அதையும் உங்கள் கணக்கில் எழுதுங்கள்.


வைகைக்கரை

எழுதுகிறேன் மீரான். அந்த மனிதரின் காணொளியை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி நின்றிருப்பேனா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மொராக்கோ முடிவு எனக்குத் தெரியும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் எதிர்ப்பக்கத்தையும் வைக்க வேண்டும். எகிப்தில் ஃபராக் ஃபோதா 1992 ஜூனில் கொல்லப்பட்டார். தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டே மதச்சார்பற்ற அரசு வேண்டும் என்று எழுதியவர். விசாரணையில் முகமது அல்-கஸ்ஸாலி சாட்சி சொன்னார். தீவிரவாதி அல்ல, நாடு முழுக்க மதிக்கப்பட்ட, நடுநிலையாளர் என்று பெயர் பெற்ற அறிஞர். ஷரியாவை எதிர்ப்பவர் மதத்தைவிட்டு வெளியேறியவர், அவரைக் கொல்வது உரியது, அரசு செய்யாததை ஒருவன் செய்தால் அதற்கென்று தண்டனை இல்லை என்ற பொருளில் நீதிமன்றத்திலேயே பேசினார். ஆலிம் சொன்னால் இன்னொரு ஆலிம் யோசிப்பார் என்றீர்கள். ஆலிம் சொன்னால் கொலையாளியும் நிம்மதியாகத் தூங்குவான். அதே அதிகாரம்தான் இரண்டையும் செய்கிறது. அதனால்தான் எனக்கு அச்சம்.

ஐரோப்பாவும் இதிலிருந்து தப்பவில்லை. 1697இல் எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனை மத நிந்தனைக்காகத் தூக்கிலிட்டார்கள். நண்பர்களிடம் பேசியதுதான் குற்றம். அவன் மன்றாடினான். நகரத்துப் பாதிரிமார்கள் பரிந்து பேசினால் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. அவர்கள் பரிந்து பேசவில்லை. 1826இல் ஸ்பெயினில் ரிப்போல் என்ற பள்ளி ஆசிரியரைத் தூக்கிலிட்டார்கள், மதத்துக்கு மாறாகப் பாடம் சொன்னார் என்று. இன்று அங்கெல்லாம் அப்படி நடக்காததற்குக் கிறிஸ்தவம் மென்மையாகிவிட்டது மட்டும் காரணம் இல்லை. தண்டிக்கும் கருவியைத் திருச்சபையின் கையிலிருந்து அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கருவியை அரசும் கீழே வைத்தது. அதற்குப் பல தலைமுறை ஆனது.


நாச்சியார் வழக்குரைஞர்

கடைசி வரியிலிருந்து என் கேள்வி. அப்படியென்றால் 299ஐ நீக்க வேண்டுமா? உங்கள் நிலை என்ன?


வைகைக்கரை

நீக்க வேண்டும். மனம் புண்பட்டது என்பதைக் குற்றமாக்கும் சட்டம், அரசே புண்பட்டவன் பக்கம் நிற்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறது. அரசு மெதுவாக வருகிறது, நான் வேகமாகப் போகிறேன் என்று கத்தி எடுப்பவன் நினைக்கிறான். 1929இல் அதைப் பார்த்தோம். வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். தூண்டியவன் யார் என்பதில் விசாரணை அமைப்புகள் இன்று காட்டும் அக்கறையைவிடப் பல மடங்கு வேண்டும். தபோல்கர் தீர்ப்பில் சுட்டவர்களோடு விசாரணை நின்றுவிட்டதே, அந்த இடம்தான் எனக்கு வலிக்கிறது.


மீரான்

இதில் நான் உடன்படவில்லை. சிறுபான்மையாக வாழ்கிறவனுக்கு அந்தப் பிரிவு ஒரு வேலி. எங்கள் நபியைப் பற்றித் தெருவில் வேண்டுமென்றே கேவலமாகப் பேசிக் கலவரம் மூட்டப் பார்ப்பவனை அந்தப் பிரிவு இல்லாமல் எந்தக் காவல் நிலையம் கூப்பிட்டு விசாரிக்கும்? வேறு பிரிவுகள் இருக்கின்றன என்பது உங்களுக்கு. எங்களுக்கு அவை ஏட்டில் இருக்கின்றன.


நாச்சியார் வழக்குரைஞர்

மீரான் சொல்வது நடைமுறை உண்மை. ஆனால் அதே பிரிவைக் கொண்டு வழக்கைச் சந்திப்பவர்களில் எழுத்தாளர்களும் நகைச்சுவைக் கலைஞர்களும் சிறுபான்மையினரும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் நட்ட இடத்தில்தான் நிற்கும். திருத்தம் செய்ய முடியுமா என்று பார்க்கலாம்: கைது செய்யும் முன் நீதித்துறை நடுவரின் அனுமதி கட்டாயம் என்று வைத்தால் பாதித் துன்பம் குறையும்.


உக்கடம் குளக்கரை

என் கேள்விக்கு வந்த பதில்களைப் படித்தேன். நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறான், வீட்டில் தொழுகை கட்டாயம், அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. யாரிடம் சொல்வது என்று என்னிடம் கேட்டான். ஃபாரூக்கின் பெயரை அவனே சொன்னான். நான் என்ன பதில் சொல்வது?


வைகைக்கரை

இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். படிக்கட்டும், படிப்பை முடிக்கட்டும், சொந்தக் காலில் நிற்கட்டும். இப்படிச் சொல்வது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பையனை என் கொள்கைக்காக முன்னால் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் என் எண்ணைத் தனிச்செய்தியில் தருகிறேன்.


மீரான்

உக்கடம் அண்ணா, என் எண்ணையும் கொடுங்கள். அவனைத் திருத்துவதற்காக அல்ல. வீட்டில் தெரிந்து பிரச்சினை வந்தால் அவனுடைய அத்தாவிடம் பேச ஒரு தொழுகையாளி தேவைப்படும். வைகைக்கரை அண்ணன் போய்ப் பேசினால் கதவைத் திறக்க மாட்டார்கள்.


தணிகைவேலன்

சமணர் கழுவேற்றம் பற்றிய கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் அந்த ஓவியம் இருக்கிறது. சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன், ஒருநாளும் அதைக் கொலையாகப் பார்த்ததில்லை. ஓதுவார் ஐயா ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். இழையைப் பூட்ட வேண்டாம் என்று மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.